ஒரு வாழை, ஓராயிரம் நகல்!

வாழைப்பழத்தின் விதையைப் பார்த்திருக்கிறீர்களா? பழத்தைக் குறுக்கே வெட்டினால் நடுவில் சின்னச் சின்னக் கரும்புள்ளிகள் தெரியும். விதையாக வேண்டியவை அவை, வளராமலே நின்றுவிட்டன. நட்டால் முளைக்காது. தாய் மரத்தின் கிழங்கிலிருந்து கிளம்பும் பக்கக்கன்றைத் தோண்டி எடுத்துத்தான் வேறிடத்தில் நடுகிறோம். 'வாழையடி வாழையாக' என்று பெரியவர்கள் வாழ்த்துவது இதை வைத்துத்தான். (வாழை மரமே அல்ல என்று உங்கள் தாவரவியல் ஆசிரியர் திருத்துவார். அவர் சொல்வது சரி. நாம் பழகியபடி மரம் என்றே சொல்வோம்.)

ஒரு மரம் தரும் கன்றுகளை எண்ணிவிடலாம். ஆனால் இன்று 'ஜி-9' ரகம் பயிரிடும் விவசாயி, ஒரே உயரமுள்ள ஆயிரக்கணக்கான கன்றுகளை ஒரே நாளில் வாங்கி வருகிறாரே, அது எப்படி? அவை தோட்டத்தில் தோண்டியவை அல்ல. கண்ணாடிக் குடுவைக்குள் வளர்ந்தவை! இதற்குத் திசு வளர்ப்பு என்று பெயர்.

நல்ல தார் போட்ட, நோயில்லாத மரத்தின் கன்றை எடுத்து, வெங்காயம் உரிப்பதுபோல் உரித்துக்கொண்டே போனால் உள்ளே வளரும் நுனி இருக்கும். அதைக் கிருமிநாசினியில் கழுவிக் குடுவைக்குள் வைப்பார்கள். அங்கே மண் கிடையாது. கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகார் என்ற கூழில் சர்க்கரை, தாது உப்புகள், வைட்டமின், வளர்ச்சி ஊக்கிகள் கலந்திருக்கும். இதற்கான புகழ்பெற்ற செய்முறையை 1962இல் முராஷிகே, ஸ்கூக் என்ற இரு விஞ்ஞானிகள் வெளியிட்டனர். அவர்கள் ஆராய்ந்தது புகையிலைத் திசுவை! இன்றும் உலகெங்கும் ஆய்வகங்களில் அவர்களுடைய 'சமையல் குறிப்பு' பயன்படுகிறது.

சில வாரங்களில் ஒரு குருத்து பல குருத்தாகும். அவற்றைப் பிரித்துப் புதுக் குடுவைகளில் வைப்பார்கள். ஒவ்வொரு முறையும் ஒன்று மூன்றாகிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்: 3, 9, 27, 81... ஏழாவது முறையில் 2187! பிறகு வேர்விடச் செய்து, நிழல்வலைக் குடிலில் வைத்து, வெயிலுக்கும் காற்றுக்கும் மெல்லப் பழக்கி விற்பனைக்கு அனுப்புவார்கள்.

இதனால் வந்த நன்மை சிறியதல்ல. பழனி மலைப்பகுதியில் விளையும் விருப்பாச்சிப் பழம் தெரியும்தானே? அந்த மலைவாழையை முடிக்கொத்து நோய் என்ற வைரஸ் நோய் அழித்துக்கொண்டே வந்தது. நோயுள்ள மரத்தின் கன்றை நட்டால் நோயும் கூடவே வந்துவிடும். வைரஸ் இல்லை என்று சோதித்துப் பார்த்த திசு வளர்ப்புக் கன்றுகளைக் கொடுத்துத்தான் அதை மீட்கும் முயற்சி நடந்தது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். குடுவையிலிருந்து வரும் கன்று நோயில்லாத கன்று. நோயே தாக்காத கன்று அல்ல. இரண்டும் வேறு வேறு. தோட்டத்து மண்ணில் நோய்க்கிருமி இருந்தால் அதையும் தாக்கும். மேலும் எல்லாம் ஒன்றின் நகல் அல்லவா? வகுப்பில் 40 பேரும் ஒரே நோட்டைப் பார்த்து எழுதினால், அந்த நோட்டில் உள்ள ஒரு தவறு 40 விடைத்தாளிலும் வரும். அதுதான் இங்கேயும் கதை.

இது ஏற்கெனவே நடந்திருக்கிறது. 1950கள் வரை அமெரிக்காவும் ஐரோப்பாவும் இறக்குமதி செய்து சாப்பிட்டது பெரும்பாலும் 'குரோ மிஷேல்' என்ற ஒரே ரகம். அப்போது திசு வளர்ப்புக் கூட இல்லை. பக்கக்கன்றுகளாலேயே பெருக்கிய நகல்கள் அவை. மண்ணில் வாழும் பூஞ்சையால் வரும் பனாமா வாடல் நோய், மத்திய அமெரிக்கத் தோட்டங்களை ஒவ்வொன்றாக அழித்தது. அந்த நோயைத் தாங்கிய கேவண்டிஷ் இனம் அதன் இடத்தைப் பிடித்தது. நம் ஜி-9 அந்த இனம்தான்.

இப்போது அதே பூஞ்சையின் புதிய வகை ஒன்று கேவண்டிஷையும் தாக்குகிறது. அதன் பெயர் டி.ஆர்.4. வேர் வழியே நுழைந்து, நீர் செல்லும் குழாய்களை அடைத்துவிடும். இலைகள் மஞ்சளாகித் தொங்கிவிடும். குணப்படுத்த மருந்து கிடையாது. செருப்பில் ஒட்டிய மண் போதும், அடுத்த தோட்டத்துக்குப் போய்விடும். அங்கே பல பத்தாண்டுகள் உயிரோடு இருக்கும். ஆசியாவில் பரவிய இந்த நோய் 2019இல் கொலம்பியாவை எட்டியது. அந்நாடு அவசரநிலை அறிவித்தது. 2021இல் பெரு, 2023இல் வெனிசுலா. உலகிலேயே அதிகம் வாழை விளைவிக்கும் நாடு இந்தியா. இங்கும் பீகார், உத்தரப் பிரதேசத்தில் இந்த நோய் கண்டறியப்பட்டிருக்கிறது. ஆகவே இது எங்கோ நடக்கும் செய்தி அல்ல.

வழி என்ன? தைவான் விஞ்ஞானிகள் செய்த வேலை எனக்கு மிகவும் பிடித்தது. திசு வளர்ப்பில் அளவுக்கு மீறி நகல் எடுத்தால் சில கன்றுகள் மாறிப் பிறக்கும். குட்டையாக, கோணலாக, இலை வேறு மாதிரியாக. அதனால்தான் குருத்துகளைச் சுமார் எட்டு முறைக்கு மேல் பிரிக்க வேண்டாம் என்கிறார்கள். தைவானில் 1980களில் ஆயிரக்கணக்கான திசு வளர்ப்புக் கன்றுகளை நோயுள்ள மண்ணிலேயே நட்டுப் பார்த்தார்கள். பெரும்பாலானவை வாடின. மாறிப் பிறந்த சில கன்றுகள் நின்றன! அவற்றிலிருந்து வந்ததுதான் 'பார்மோசானா' என்ற ரகம். நோயை முழுவதும் தடுக்காது, ஓரளவு தாங்கும்.

ஆஸ்திரேலியாவில் வேறு வழி. காட்டு வாழையின் ஒரு மரபணுவைக் கேவண்டிஷுக்குள் சேர்த்துப் புது ரகம் உருவாக்கினார்கள். 2024 பிப்ரவரியில் அரசு அனுமதியும் கிடைத்தது. அவசரத்துக்குத் துணையாக அதை வைத்திருப்பதாகத்தான் விஞ்ஞானிகள் கூறினார்கள்.

அந்த மரபணு காட்டு வாழையிலிருந்து வந்தது என்பதை மறக்காதீர்கள். ஜி-9 ஒன்றையே எங்கும் நட்டு, லாபமில்லை என்று மற்ற ரகங்களைக் கைவிட்டால், அடுத்த முறை எங்கே போய்த் தேடுவது? ஆகவேதான் திருச்சியில் உள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையம் நூற்றுக்கணக்கான ரகங்களைப் பாதுகாத்து வருகிறது. இதைவிடப் பெரிய சேமிப்பு பெல்ஜியம் நாட்டின் லூவன் நகரில் இருக்கிறது. அங்கே 1,600க்கும் அதிகமான வகைகள் உள்ளன. நகல் எடுக்கும் அதே திசு வளர்ப்பு முறையில், சோதனைக் குழாய்களில் மெதுவாக வளர்கின்றன. பலவற்றின் நுனிகள் மைனஸ் 196 டிகிரியில், திரவ நைட்ரஜனில் உறைந்து கிடக்கின்றன. அந்தக் குளிர்நாட்டில் வாழைத் தோட்டங்களே இல்லை. வாழை நோய்களுக்கும் அங்கே வேலையில்லை!