மொட்டை மாடியில் ஒரு நெய்வேலி

விழுப்புரத்துக்காரரிடம் "உங்க ஊர்ல குளிர் எப்படி ஸார்?" என்று கேட்டால் ஒரு மாதிரி பார்ப்பார். வருஷத்தில் பத்து மாதம் வெயில். மீதி இரண்டு மாதம் கொஞ்சம் மரியாதையான வெயில். திண்டிவனமும் அப்படித்தான். இரண்டு ஊருக்கும் நடுவே மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று நாலு ஸ்டேஷன் இருக்கிறதே தவிர, சூரியன் ஒன்றேதான்.

ஆனாலும் மார்கழி பிறந்தால் போதும், இரண்டு ஊரிலும் விடிகாலையில் வீட்டுக்கு வீடு ஒரே குரல்: "சுடுதண்ணி காஞ்சுதா?"

மே மாதம் மத்தியானம் பைப்பைத் திறந்தால், கேட்காமலே கொதிக்கக் கொதிக்கக் கொட்டும். டிசம்பர் காலையில் அதே பைப்பில் கை வைத்தால் பல் கிட்டிக்கும். தேவையில்லாதபோது கூப்பிட்டுக் கொடுப்பதும், தேவைப்படும்போது கையை விரிப்பதும் சூரியனின் சுபாவம். (பாங்க் லோன் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல.)

திண்டிவனத்தில் வீடு, விழுப்புரத்தில் ஆபீஸ் என்று ரயிலில் போய் வருகிற கூட்டத்தில் நானும் ஒருவன். எங்கள் பெட்டியில் வெந்நீர் விஷயத்தில் நாலு கட்சிகள் உண்டு.

முதலாவது விறகுக் கட்சி. வேலிகாத்தான், சவுக்கு மிலாறு, மல்லாட்டைத் தோல் என்று எதைப் போட்டாலும் எரியும். செலவு குறைவு. ஆனால் அடுப்பு ஊதுகிறவர் ஒருவர், குளிக்கிறவர் வேறொருவர். குளிக்கிறவர்தான் ரயிலில் வந்து, "எங்க வீட்ல வெந்நீருக்கு நயா பைசா செலவில்லை ஸார்" என்று சொல்வார். ஊதியவர் வீட்டில் இருமிக்கொண்டிருப்பார்.

இரண்டாவது, ஹீட்டர் ராடு கட்சி. பெரும்பாலும் ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் பிரம்மச்சாரிகள். பக்கெட்டில் ராடைத் தொங்கவிட்டு, ஸ்விட்சைப் போட்டுவிட்டு, அப்படியே தூங்கிப் போகிறவர்கள். சூடாகிவிட்டதா என்று விரலை விட்டுப் பார்ப்பது இவர்கள் வழக்கம். தமாஷுக்குச் சொல்லவில்லை தம்பிகளே, வருஷா வருஷம் பேப்பரில் ஒரு நாலு வரிச் செய்தியாக முடிந்துபோகிறவர்கள் இப்படி விரலை விட்டவர்கள்தான். ஸ்விட்சை அணைத்து, ப்ளக்கைப் பிடுங்கி, அப்புறம் தொடுங்கள். இரும்பு பக்கெட் வேண்டவே வேண்டாம்.

மூன்றாவது, கீஸர் கட்சி. சுவரில் வெள்ளையாக ஒன்று தொங்கும். அதன்மேல் ஸ்டார் ஒட்டியிருக்கும். வேகமாகச் சூடாக்குவதற்குக் கொடுத்த ஸ்டார் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. சூடான தண்ணீரை உள்ளே வைத்துக்கொண்டு சும்மா இருக்கும்போது எவ்வளவு குறைவாகச் சூட்டை இழக்கிறது என்பதற்குத்தான் அந்த ஸ்டார். (சும்மா இருப்பதில் திறமைக்கு ஸ்டார் என்றால் எங்கள் ஆபீஸில் ஐந்து ஸ்டார் ஆசாமிகள் நாலைந்து பேர் தேறுவார்கள்.) இதே கட்சியில் காஸ் கீஸர் என்று ஓர் உட்பிரிவு உண்டு. ஜன்னல் இல்லாத பாத்ரூமுக்குள் அதை மாட்டினால் கார்பன் மோனாக்சைடு சேரும். வாசனை கிடையாது, நிறம் கிடையாது. குளிக்கப் போனவர் திரும்பி வரமாட்டார்.

நாலாவது பச்சைத் தண்ணீர்க் கட்சி. "இதெல்லாம் ஒரு குளிரா?" என்பார்கள். கல்யாணம் வரைக்கும்தான்.

என் வீட்டில் அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. வருஷம் முழுக்க வெந்நீர்தான். சமையலறையிலிருந்து பாத்ரூமுக்குப் பதினைந்து அடி. கொதிக்கிற குண்டானைப் பிடிதுணியில் பிடித்துக்கொண்டு அந்தப் பதினைந்தடியை அம்மா தினமும் கடப்பாள். "குடும்மா, நான் தூக்கறேன்" என்றால், "நீ ரயிலைப் பிடி, எனக்கு இது புதுசா?" என்பாள். நடுவில் ஒரு வாசற்படி வேறு. சோலார் ஹீட்டர் என்ற பேச்சை என் வீட்டில் ஆரம்பித்து வைத்தது ஈ.பி. பில் அல்ல, அந்த வாசற்படி.

ரயிலில் பேச்சை எடுத்ததும், "அதெல்லாம் புது டெக்னாலஜி ஸார், இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்" என்றார் ஒருவர். எவ்வளவு புதுசு தெரியுமா? 1891. அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து கிளாரன்ஸ் கெம்ப் என்பவர், கறுப்புப் பெயின்ட் அடித்த தொட்டிகளைக் கண்ணாடி மூடிய பெட்டிக்குள் வைத்து 'க்ளைமாக்ஸ்' என்ற பெயரில் பேடன்ட் வாங்கினார். மத்தியானம் பிரமாதமாகச் சூடாகும். ராத்திரி ஆறிப்போகும். காலைக் குளியலுக்கு உதவாது. நம் மாடியில் இருக்கும் கறுப்பு டேங்க் கதைதான்.

1909-ல் கலிபோர்னியாவில் வில்லியம் பெய்லி ஒரு சின்ன வேலை செய்தார். சூடேற்றும் இடத்தையும் சேமிக்கும் இடத்தையும் பிரித்தார். கீழே வெயிலில் காயும் குழாய்கள். மேலே வெப்பம் வெளியே போகாதபடி கம்பளி போர்த்திய மாதிரி ஒரு டேங்க். சூடான தண்ணீர் லேசாகி மேலே ஏறும், பச்சைத் தண்ணீர் கனத்துக் கீழே இறங்கும். மோட்டார் கிடையாது, பம்ப் கிடையாது, சாயங்காலம் வரை இந்தச் சுற்று நடந்துகொண்டே இருக்கும். நேற்றைய வெயிலில் இன்று காலை குளிக்கலாம். 'டே அண்ட் நைட்' என்றே பெயர் வைத்து விற்றார். இன்று கடையில் கிடைப்பது அதன் பேரன்தான். இஸ்ரேலில் 1980-ல் புது வீடு கட்டினால் இது கட்டாயம் என்று சட்டமே போட்டார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் மாவட்டத்திலேயே, வானூர்ப் பக்கம் ஆரோவில்லில், 1997-ல் ஆரம்பித்த சோலார் கிச்சன் இருக்கிறது. அதன் கூரையில் 15 மீட்டர் விட்டத்துக்குக் கண்ணாடித் துண்டுகள் பதித்த ஒரு ராட்சசக் கிண்ணம். வெயிலை ஒன்று சேர்த்து நீராவியாக்கி, ஆயிரம் பேருக்குச் சமைக்கிற மாதிரி அமைத்தார்கள். மேகமூட்டத்துக்கு டீசல் பாய்லரும் பக்கத்திலேயே வைத்தார்கள், புத்திசாலிகள். வெயிலை நம்பலாம், வருண பகவானை எதிர்த்து பந்தயம் கட்டக்கூடாது.

இப்போது நெய்வேலிக்கு வருவோம். பக்கத்து மாவட்டம். அங்கே என்ன செய்கிறார்கள்? பழுப்பு நிலக்கரியை எரித்துத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிறார்கள். அந்த ஆவியில் டர்பைன் சுற்றுகிறது. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வெப்பம் அங்கேயே வீணாகிவிடுகிறது. மிச்சம் மின்சாரமாகிக் கம்பி வழியே வந்து, நம் கீஸரில் நுழைந்து என்ன செய்கிறது? மறுபடியும் தண்ணீரைச் சூடாக்குகிறது! தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்களே, இது மாவட்டத்தைச் சுற்றி முதுகில் ஊற்றிக்கொள்வது. நமக்கு வேண்டியது டர்பைன் சுற்றும் ஆவி இல்லை ஸார், நாற்பது டிகிரி வெந்நீர். அதற்கு மொட்டை மாடி போதும்.

சரி, காசுக்கு வருவோம். வாலிப நண்பர்கள் இந்தப் பாராவைத்தான் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

பதினாறு லிட்டர் பக்கெட். இருபத்து நாலு டிகிரி தண்ணீரை நாற்பதுக்குக் கொண்டுபோகக் கிட்டத்தட்ட 0.3 யூனிட். வீட்டில் நாலு பேர் என்றால் 1.2 யூனிட். இரண்டு மாதத்துக்கு எழுபது யூனிட் சொச்சம். இந்த எழுபது யூனிட்டின் விலை என்ன என்பதில்தான் சூட்சுமமே இருக்கிறது.

2022 செப்டம்பர் 10-ல் வந்த கட்டணத்தை எடுத்துக்கொள்கிறேன் (அதற்கப்புறம் 2024-ல் கொஞ்சம் ஏற்றினார்கள்). அதன்படி இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்றால் பில் 1,725 ரூபாய். 501 யூனிட் என்றால் 1,958 ரூபாய். அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! காரணம், ஐந்நூறைத் தாண்டினால் 101 முதல் 200 வரைக்கான மலிவு ரேட் பறிபோய்விடும், மேலே போகிற யூனிட்டுக்கும் 8 ரூபாய்.

இப்போது மூன்று வீடுகளைப் பாருங்கள்.

முதல் வீடு, 90 யூனிட். நூறு வரை இலவசம், பில்லே இல்லை. சோலார் போட்டால் மிச்சம் பூஜ்யம். காசுக்காக என்றால் இவர் போடவே வேண்டாம்.

இரண்டாவது வீடு, 300 யூனிட், பில் 675 ரூபாய். எழுபது குறைந்து 230 ஆனால் 360 ரூபாய். மிச்சம் 315.

மூன்றாவது வீடு, ஏ.ஸி., ஃப்ரிட்ஜ், மிக்ஸி, மாமியார் சீரியல் எல்லாம் சேர்த்து 560 யூனிட், பில் 2,430 ரூபாய். எழுபது குறைந்து 490 ஆனால் 1,665. மிச்சம் 765 ரூபாய்!

நூறு லிட்டர் சோலார் ஹீட்டர், மாட்டுகூலியோடு இருபதாயிரம் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது வீட்டில் வயதானவர்கள் இருந்து, வருஷம் முழுக்க வெந்நீர் என்றால் நாலரை வருஷத்துக்குள் போட்ட காசு திரும்பும். மார்கழி, தைக்கு மட்டும் வெந்நீர் என்றால் ரிடையர் ஆகும்வரை காத்திருக்க வேண்டும். கடைக்காரர் எல்லாருக்கும் "ரெண்டே வருஷம் ஸார்" என்பார். உங்கள் பழைய பில்களை எடுத்து நீங்களே கணக்குப் போடுங்கள்.

"மானியம் கிடைக்குமே?" என்பார் இன்னொருவர். 2024-ல் மத்திய அரசு ஆரம்பித்த சூர்யா கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். அது மின்சாரம் தயாரிக்கும் பேனலுக்கு, வெந்நீர்ப் பெட்டிக்கு அல்ல. இரண்டுக்கும் பெயர் சோலார் என்பதால் குழப்பம். மின்சாரப் பேனல் விழுகிற வெயிலில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் பிடிக்கும். வெந்நீர்ப் பேனல் பாதிக்குப் பாதி பிடிக்கும்.

வாங்குவது என்று முடிவு பண்ணிவிட்டால் சில விஷயங்கள்.

பேனல் தெற்கே பார்க்க வேண்டும். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் பாதி தாண்டும் வரை உச்சி வெயில் நமக்கு வடக்கே நிற்கும், ஆனால் அப்போது யாருக்கு வெந்நீர் வேண்டும்? டிசம்பர் கடைசியில் உச்சி வேளைச் சூரியன் தலைக்கு மேலிருந்து தெற்கே சுமார் 35 டிகிரி சாய்ந்திருக்கும். அவரைப் பார்த்துத்தான் நிமிர்த்தி வைக்க வேண்டும். தெற்குப் பக்கம் தென்னை மரமோ, பக்கத்து வீட்டு இரண்டாவது மாடியோ இருந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

பச்சைத் தண்ணீர் டேங்க், சோலார் டேங்கைவிட உயரத்தில் இருக்க வேண்டும். இதைச் சொல்லாமல் கொண்டுவந்து இறக்கிவிட்டு, அப்புறம் மேடை கட்டத் தனிக் காசு கேட்பது நடக்கிறது.

பைப் சாதா பி.வி.சி. கூடாது, சூட்டில் தொய்ந்துவிடும். வெந்நீருக்கென்று சி.பி.வி.சி. இருக்கிறது. முக்கால் இஞ்ச் பைப் பதினைந்து மீட்டர் ஓடினால், அதற்குள் தேங்கியிருக்கும் நாலு லிட்டர் ஆறிய தண்ணீர்தான் முதலில் வரும். "சோலார் வேஸ்ட் ஸார்" என்பவர்களில் பாதிப்பேர் அந்த நாலு லிட்டரிலேயே தீர்ப்பு எழுதியவர்கள். பக்கெட்டில் பிடித்து வையுங்கள், பாத்திரம் தேய்க்க ஆகும்.

போர் தண்ணீர் உப்பாக இருந்தால் செம்புக் குழாய்க்குள் சுண்ணாம்பு படிந்து அடைத்துக்கொள்ளும். கண்ணாடிக் குழாய் மாடல் அதைக் கொஞ்சம் தாங்கும். எதுவானாலும் வருஷத்துக்கு ஒரு முறை கழுவ ஆள் வருவாரா என்று காசு கொடுப்பதற்கு முன்னால் கேளுங்கள். கொடுத்த பின் கேட்டால் போன் எடுக்கமாட்டார்கள்.

கடைசியாக மழை. நமக்கு மழையும் வெந்நீர் ஆசையும் ஒரே சீஸனில் வருகின்றன. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. கொட்டியது. அந்த வாரம் சோலார் டேங்கில் இருந்ததும் மழைத் தண்ணீரும் ஒரே ஜாதி. இதற்காக டேங்குக்குள் கரன்ட் காயில் ஒன்று வைப்பார்கள். அதை எப்போதும் ஆன் பண்ணியே வைத்தால் நூறு லிட்டரையும் காய்ச்சி நாலு யூனிட் சாப்பிட்டுவிடும். சூரியன் பெயரில் நெய்வேலிக் குளியல்! ஸ்விட்சை வீட்டுக்குள் கண்ணில் படுகிற இடத்தில் வைத்து, மழைநாளில் மட்டும் போடுங்கள். மாடியில் பெட்டியை போல்ட் போட்டு இறுக்குங்கள், புயலுக்குப் பறக்கும் பொருள் அது.

வாடகை வீட்டு நண்பர்கள் பெருமூச்சு விடுவது கேட்கிறது. ஹவுஸ் ஓனர் மொட்டை மாடியில் வடாம் காயவைக்கவே விடமாட்டார், சோலாருக்கா விடுவார்? சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு அவர் இஷ்டத்துக்கு வாங்குகிற வீடாக இருந்தால் அவரிடம் கேட்டும் பிரயோஜனமில்லை. உங்களுக்கு ஒரே யோசனை: பாத்ரூம் லைனில் கசிவு மின்சாரத்தைக் கண்டதும் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா, எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். அந்தச் செலவு ஒரு நாள் சினிமா, பிரியாணியில் அடங்காமல் போகலாம். ஆனால் அடுத்த சினிமாவுக்கு நீங்கள் இருக்க வேண்டுமே.

சொந்த மாடி இருக்கிறவர்கள் யோசித்துக்கொண்டே இருக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மீட்டர் மாட்டிவிட்டார்கள். சூரியனுக்கு ரீடிங் எடுக்க மட்டும் இன்னும் ஆள் வரவில்லை. வருவதற்குள் குளித்துவிடுங்கள்.