கட்டடத்தோடு கைத்தொழிலும் பிழைக்கட்டும்

மேட்டூர், கொளத்தூர் வழியாகப் பாலாற்றைக் கடந்து மாதேஸ்வரன் மலைக்கு வரும் தமிழ்ப் பக்தர்கள் ஏராளம். மலைப் பாதையின் இருபுறமும் மண்டிக் கிடக்கும் உண்ணிச்செடியை அவர்கள் கண்டிருப்பார்கள். வண்ணப் பூவுக்காக வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து தோட்டங்களில் வைத்த அமெரிக்கச் செடி அது. இன்று காட்டையே விழுங்கிக்கொண்டிருக்கிறது. அதன் அடியில் புல்லும் முளைப்பதில்லை, மரக்கன்றும் தலைதூக்குவதில்லை.

இந்தக் களையைக் காசாக்க மலைவாழ் சோளகர்கள் கற்றிருக்கிறார்கள். மூங்கில் வெட்டுவது அரிதாகிவிட்ட நிலையில், பெங்களூரிலுள்ள ‘ஏட்ரீ’ என்னும் சூழலியல் ஆய்வு நிறுவனம் 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் இங்கே அவர்களுக்குப் பயிற்சி அளித்தது. தண்டை வெட்டி, வேகவைத்து, தோலுரித்து, வளைத்து ஆணியடித்தால் நாற்காலியும் சோபாவும் தயார். பார்வைக்குப் பிரம்பு போலவே இருக்கும்.

விற்பதுதான் பெரும்பாடு. சாமி கும்பிட வந்தவர் விபூதியும் பிரசாதமும் வாங்குவாரே தவிர, பஸ்ஸில் நாற்காலியைத் தூக்கிச் செல்ல மாட்டார். வாங்கக் கூடியவர்கள் இருப்பது மைசூரில். அங்கே பயனின்றிக் கிடக்கும் பழைய கட்டடம் ஒன்றில் இவர்களுக்குப் பட்டறையும் விற்பனைக் கூடமும் திறப்பது இரு தரப்புக்கும் நன்மை தரும்.

இது புதுமையான யோசனையுமல்ல. சயாஜி ராவ் சாலையில், 1906-ல் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டிய சாமராஜேந்திர தொழிற்கல்விக் கூடத்தின் கட்டடத்தில்தான் அரசின் காவேரி கைவினை விற்பனை நிலையம் அமைந்தது. ஆளில்லாத கட்டடத்தின் கதி என்ன என்பதையும் மைசூர் அறியும். பராமரிப்புக் குறைந்த லான்ஸ்டவுன் கட்டடத்தின் ஒரு பகுதி 2012 ஆகஸ்டில் சரிந்து நான்கு உயிர்களைப் பலி கொண்டது. கடைகள் காலியாயின, பழுது பார்ப்பதா, இடிப்பதா என்ற வழக்காடலிலேயே ஆண்டுகள் ஓடின. வாடகை வரும் கட்டடத்துக்கே ஓடு மாற்றவும் சுண்ணாம்பு பூசவும் ஆள் வருவான் என்பது நடைமுறை உண்மை.

ஆனால் அவசரம் கூடாது. கட்டடத்தின் உறுதியைப் பொறியாளர் சோதித்துச் சான்றளித்த பிறகே கதவு திறக்க வேண்டும். கொப்பரை ஏற்றித் தண்டை வேகவைக்கும் வேலை மலையிலேயே நடக்கட்டும். புகையும் ஈரமும் பழைய சுவருக்கு ஆகாது. பின்னுவதும் மெருகேற்றுவதும் நகரத்தில் நடக்கலாம். அதற்காகக் குடும்பங்களை மலையிலிருந்து இறக்க வேண்டியதில்லை. சிலர் முறைவைத்து வந்து போனால் போதும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, கடை யார் கையில் என்பது. அலங்கார விளக்குப் போட்டு, சோளகர் படத்தை மாட்டி, பத்து மடங்கு விலை வைத்து, செய்தவனுக்குக் கூலி மட்டும் கொடுக்கும் கடையாக அது மாறிவிடக் கூடாது. விலையை நிர்ணயிப்பதில் அவர்களுடைய சங்கத்துக்குப் பங்கு வேண்டும். கணக்கு அவர்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். முதல் சில ஆண்டுகளுக்கு வாடகையில் சலுகையும் தேவை.

மன்னர் காலத்துக் கட்டடத்தைக் காப்பாற்றுவது நற்பணியே. அதில் உட்கார்ந்து உழைப்பவனுக்கு வயிறு நிறையாவிட்டால் அந்தப் பணி அரைகுறையே. கர்நாடக அரசும் மைசூர் மாநகராட்சியும் இதற்கு ஆவன செய்ய வேண்டும்.