அண்டை வீட்டுத் தண்ணீரும் அயல்நாட்டு எண்ணெயும்

தேசூரில் ஆரணிப் பட்டு நெய்யும் தறிகளுக்குப் பட்டு நூல் கர்நாடகத்திலிருந்து வர வேண்டும். ஜரிகையில் பெரும்பகுதி சூரத்திலிருந்து வர வேண்டும். வரவு நின்றால் தறி நின்றுவிடும். நெசவாளர் வீட்டில் இந்தக் கவலை புதிதல்ல. ஆனால் குடிக்கிற தண்ணீருக்கும் உண்கிற சோற்றுக்கும் இதே கவலையோடு ஒரு நாடே வாழ்ந்து வருகிறது. அது எப்படிச் சமாளிக்கிறது என்பது நம் உழவர்களும் அறிந்து கொள்ள வேண்டிய செய்தி.

சிங்கப்பூர்தான் அந்த நாடு. பரப்பில் திருவண்ணாமலை மாவட்டத்தில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. மக்கள் தொகையோ சுமார் 60 லட்சம். மழைக்கு அங்கே குறைவில்லை. பெய்கிற மழையைத் தேக்கி வைக்கத்தான் நிலம் போதாது. ஆகவே கடலுக்கு அப்பால் உள்ள மலேசியாவின் ஜொகூர் மாநிலத்திலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் வருகிறது. 1962-ல் செய்த ஒப்பந்தப்படி நாள் ஒன்றுக்கு 25 கோடி காலன் வரை எடுத்துக் கொள்ளலாம். விலை ஆயிரம் காலனுக்கு 3 சென், அதாவது ஒரு ரிங்கிட்டில் நூறில் மூன்று பங்கு. இந்த ஒப்பந்தம் 2061-ல் முடிகிறது. 1961-ல் செய்த மற்றோர் ஒப்பந்தம் 2011-லேயே காலாவதியாகிவிட்டது.

விலை மிகக் குறைவு என்று மலேசியா பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. சுத்திகரித்த நீரில் ஒரு பகுதியை ஆயிரம் காலன் 50 சென்னுக்கு ஜொகூருக்கே திருப்பிக் கொடுக்கிறோம், அது அடக்க விலைக்கும் குறைவு என்கிறது சிங்கப்பூர். நீர் வழக்கில் நியாயம் முழுவதும் ஒரே பக்கம் இருப்பது அபூர்வம். மதகடியில் நின்று வாக்குவாதம் செய்த எந்த ஆயக்கட்டுதாரருக்கும் இது தெரியும்.

1942-ல் ஜப்பானியப் படை நெருங்கியபோது, பின்வாங்கிய பிரிட்டிஷார் பாலத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள். அதன் மேல் சென்ற தண்ணீர்க் குழாயும் சேர்ந்து போயிற்று. இரண்டு வாரங்களில் சிங்கப்பூர் சரணடைந்தது. அதற்குத் தண்ணீர்த் தட்டுப்பாடும் ஒரு காரணம். அந்த அனுபவத்தை அங்கே யாரும் மறக்கவில்லை. கழிவுநீரைத் தூய்மை செய்து மீண்டும் பயன்படுத்தும் திட்டம் 2003-லும், கடல்நீரைக் குடிநீராக்கும் முதல் நிலையம் 2005-லும் வந்தன. 2008-ல் நகரத்தின் நடுவே கடல்வாயில் தடுப்பணை கட்டி ஒரு நீர்த்தேக்கமே உண்டாக்கினார்கள். இன்று நாட்டின் பரப்பில் மூன்றில் இரண்டு பங்கில் பெய்யும் மழை வடிகால் வழியே தேக்கங்களுக்குப் போய்ச் சேருகிறது. ஜொகூர்க் குழாயை அவர்கள் மூடிவிடவில்லை; அது மட்டுமே கதி என்ற நிலையைத்தான் மாற்றி வருகிறார்கள்.

உணவில் இத்தனை தூரம் போக முடியவில்லை. 90 சதவிகிதத்துக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. 2030-க்குள் 30 சதவிகிதம் உள்நாட்டிலேயே விளைவிப்போம் என்று 2019-ல் அறிவித்த இலக்கைக்கூட 2025-ல் கைவிட நேர்ந்தது. 2022 ஜூனில் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை போட்டது வேறு யாருமல்ல, நம் இந்தியாதான். பிறகு சிங்கப்பூருக்குத் தனி அனுமதி தரப்பட்டது. தன் மக்களுக்கு விலை ஏறும்போது எந்த அரசும் முதலில் தன் வாசலைத்தான் அடைக்கும். அதைக் குற்றம் சொல்வதற்கில்லை. அதனால்தான் அங்கே அரிசி இறக்குமதி செய்யும் வியாபாரி இரண்டு மாத இறக்குமதி அளவைக் கிடங்கில் இருப்பு வைத்தாக வேண்டும் என்பது சட்டம். நம் வீடுகளில் குதிர் இருந்த காலத்துக் கணக்குதான் இது.

வேறு வழியில்லாத நாடு இப்படி நடந்து கொள்கிறது. வழி உள்ள நாம் என்ன செய்கிறோம்?

இந்தியாவுக்கு வேண்டிய சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி. அதில் பெரும்பங்கு இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வரும் பாமாயில். 2022 ஏப்ரலில் இந்தோனேசியா சில வாரங்கள் அதை நிறுத்தியபோது நம் கடைகளில் எண்ணெய் விலை என்ன பாடுபட்டது என்பது இல்லத்தரசிகளுக்கு நினைவிருக்கும். இத்தனைக்கும் வந்தவாசி, தேசூர் வட்டாரம் மணிலாவுக்குப் பேர் பெற்றது. இங்கே செக்கில் ஆட்டிய எண்ணெய் ஒரு பக்கம் இருக்க, ரேஷன் கடையில் கிடைப்பது கடல் கடந்து வந்த பாமாயில். இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்த கதையாக இது ஆகிவிடக் கூடாது.

பாமாயிலை அடியோடு நிறுத்து என்பது நடக்கிற காரியம் அல்ல. ஏழை வீட்டு அடுப்புக்கு அந்த விலையில் வேறு எண்ணெய் இல்லை. ஆனால் மணிலா விளையும் மாவட்டங்களிலாவது மாதத்தில் ஒரு பகுதியைக் கடலை எண்ணெயாகக் கொடுத்துப் பார்க்கலாம். அறுவடைக் காலத்தில் விலை சரிந்து வாடும் மானாவாரி விவசாயிக்கு அது ஒரு பிடிமானம்.

தண்ணீர் விஷயத்தில் பாலாற்று விவசாயிக்கு அண்டை மாநிலங்கள் மீது மனக்குறை உண்டு. 1892-ம் ஆண்டு ஒப்பந்தத்தைக் காட்டி வழக்காட அவருக்கு உரிமையும் உண்டு. தேசூர்ப் பக்கத்து ஏரிப் பாசனக்காரர் யார் மீது வழக்குப் போடுவது? ஏரிக்கு வரும் தண்ணீர் சுற்று வட்டாரத்து மழை. வரத்துக்காலைத் தூர்த்ததும் நாம், கலங்கல் ஓரத்தில் சீமைக் கருவேலை வளரவிட்டதும் நாம். ஏரியில் வண்டல் ஏற ஏற, ஒரு போகத்துக்குத் தேங்க வேண்டிய நீர் கலங்கல் வழியே ஓடிவிடுகிறது. நவரைக்குக் கிணற்றை ஆழப்படுத்த வேண்டியதாகிறது.

அந்த வண்டலை வயலுக்கு இலவசமாக எடுக்க இப்போது வட்டாட்சியரிடமே அனுமதி பெறலாம். மணற்பாங்கான மணிலாக் கொல்லைக்கு வண்டல் நல்ல உரம், ஈரமும் தங்கும். அனுமதி மனுவை மாசியிலேயே கொடுத்துவிடுவது நல்லது. கோடை மழை பெய்துவிட்டால் ஏரிக்குள் டிராக்டர் இறங்காது.