இரண்டு கட்டியக்காரர்கள்

தெருக்கூத்துப் பார்த்திருக்கும் நேயர்களுக்குக் கட்டியக்காரனைத் தெரிந்திருக்கும். "ராஜா வருகிறார், பராக்!" என்று கூவுகிறவனும் அவன்தான், அடுத்த நிமிஷம் அதே ராஜாவைப் பரிகாசம் செய்து சபையைச் சிரிக்க வைக்கிறவனும் அவன்தான். இக்காலத்து ஸர்க்கார்கள் கட்டியம் கூறும் வேலையை மட்டும் தனியே பிரித்தெடுத்து, அதற்குச் சம்பளமும் உத்தியோகப் பெயரும் கொடுத்து, டெலிவிஷன் காமிராவுக்கு முன்னால் நிறுத்தியிருக்கின்றன. ஆயினும் சிற்சில சமயங்களில் பழைய ஹாஸ்யமும் அவர்களையறியாமல் வெளிப்பட்டுவிடுகிறது.

2003-ஆம் வருஷத்து இராக் யுத்தத்தில் அப்படி உலகப் புகழ் பெற்றவர், ஸதாம் ஹுஸேன் ஸர்க்காரின் தகவல் மந்திரி முகம்மது ஸயீத் அல்-ஸஹாப். கறுப்புத் தொப்பியும் இராணுவ உடுப்புமாக அவர் தினந்தோறும் நிருபர்களுக்குத் தரிசனம் தந்தார். ஏப்ரல் 7-ஆம் தேதி பாக்தாத் நகரில் பாலஸ்தீன் ஹோட்டலில் நின்றுகொண்டு, நகரில் அமெரிக்கர் எவருமே இல்லை என்று சாதித்தார். டைக்ரிஸ் நதிக்கு அக்கரையில் அமெரிக்க டாங்கிகள் நிருபர்களின் கண்ணுக்கே தெரிந்துகொண்டிருந்தன. இரண்டு நாள் கழித்து, அதே ஹோட்டலுக்கு எதிரில் இருந்த சதுக்கத்தில் ஸதாமின் சிலை கீழே விழுந்தது.

உலகம் விழுந்து விழுந்து சிரித்தது. அவர் எதிரிகளைத் திட்டுவதற்கு உபயோகித்த ஒரு பழஞ்சொல்லுக்குப் பொருள் காண அரபு மக்களே அகராதியைப் புரட்டினார்கள். அமெரிக்காவில் அவரைப் போலப் பேசும் பொம்மை செய்து விற்றார்கள். அவருடைய பேச்சைத் தாமும் பார்த்து ரஸித்ததாக ஜனாதிபதி புஷ்ஷே சொன்னார். ஸதாமின் சகாக்களைத் தேடிப் பிடிப்பதற்காக அமெரிக்க இராணுவம் அவர்களுடைய படங்களைப் போட்டுச் சீட்டுக்கட்டு ஒன்று அச்சிட்டதே, அதில் ஸஹாபுக்கு இடமில்லை. துருப்புச் சீட்டாக வேண்டாம், ஒரு ரெண்டாகக்கூட அவரை மதிக்கவில்லை! பிற்பாடு விசாரித்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள்.

நம்மைக் கேட்டால், அது நியாயமான தீர்ப்புத்தான். அவருடைய பேச்சை நம்பி யார் மோசம் போனார்கள்?

இனி, அதற்கு இரண்டு மாதம் முன்பு நடந்ததைப் பார்ப்போம். 2003 பிப்ரவரி 5-ஆம் தேதி அமெரிக்க அயல்நாட்டு மந்திரி காலின் பவல், ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புக் கவுன்ஸிலில் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம் பேசினார். தோரணையிலே குறைவில்லை, குரலிலே நடுக்கமில்லை. வெள்ளைப் பொடி அடங்கிய சிறு குப்பி ஒன்றைத் தூக்கிக் காட்டினார். இராக்கில் விஷக்கிருமி தயாரிக்கும் நடமாடும் தொழிற்சாலைகள் இருப்பதாகச் சொன்னார். பின்னால் துப்பறியும் இலாகாத் தலைவரே சாட்சி போல் உட்கார்ந்திருந்தார். கவுன்ஸில் மண்டபத்துக்கு வெளியே, 1937-ல் குண்டுவீச்சில் அழிந்த குவெர்னிகா நகரத்தைப் பற்றிப் பிக்காஸோ வரைந்த படத்தின் பிரதி, திரைச்சீலையாக நெய்யப்பட்டுத் தொங்குவது வழக்கம். அந்தச் சமயம் அதை ஒரு நீலப் படுதா போட்டு மூடியிருந்தார்கள். டெலிவிஷன் காமிராக்களின் சௌகரியத்துக்காக என்று காரணம் கூறப்பட்டது. இதைவிட நல்ல ஹாஸ்யத்தை எந்த விகடகவியும் கற்பனை செய்திருக்க முடியாது. ஆனால் அன்றைக்குச் சிரித்தவர்கள் சொற்பம்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். ஸஹாபின் புளுகு எட்டு நிமிஷம்கூடத் தாங்கவில்லை. பவலின் வார்த்தையோ, அவர் நம்பித்தான் சொன்னார் என்றே வைத்துக்கொள்வோம், இருபது மாதம் தாங்கிற்று. 2004 அக்டோபரில் அமெரிக்க ஸர்க்கார் அனுப்பிய ஆராய்ச்சிக் குழுவே, அப்படிப்பட்ட ஆயுதக் குவியல் எதுவும் இராக்கில் இல்லையென்று அறிக்கை கொடுத்தது. நடமாடும் தொழிற்சாலைக் கதையைச் சொன்ன அகதி, தாம் பொய் சொன்னதாக 2011-ல் ஒப்புக்கொண்டார். பவலும் 2005-லேயே அந்தப் பேச்சுத் தம் வாழ்க்கையில் ஒரு களங்கம் என்று வருந்தினார். அந்த மட்டில் அவர் மனிதர். 2011-ல் அமெரிக்கத் துருப்புகள் வெளியேறுவதற்குள் சுமார் 4,500 அமெரிக்கச் சிப்பாய்களும் லட்சத்துக்கு மேற்பட்ட இராக்கியரும் மாண்டுபோனார்கள்.

இதிலே சிரிப்பவர்களின் கதையும் ஒன்று உண்டு. 2004 மார்ச்சில் வாஷிங்டனில் வானொலி, டெலிவிஷன் நிருபர்கள் ஜனாதிபதிக்கு ஒரு விருந்து வைத்தார்கள். புஷ் படங்களைப் போட்டுக் காட்டினார். அவர் தமது அறையில் மேஜை நாற்காலிகளின் அடியில் குனிந்து எதையோ தேடுகிறார். தேடுவது என்ன? அந்த ஆயுதங்களைத்தான்! நிருபர்கள் சிரித்தார்கள். அதற்குள் ஐந்நூறுக்கு மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் இறந்திருந்தனர்.

2006 ஏப்ரலில் வெள்ளை மாளிகை நிருபர் சங்கத்தின் விருந்து. ஸ்டீபன் கோல்பேர் என்ற விகடர், ஜனாதிபதியின் பரம பக்தர் வேஷம் போட்டுக்கொண்டு, அவர் முன்னிலையிலேயே அவரைப் புகழ்வது போல் வாங்கினார். நிருபர்களையும் விடவில்லை. ஸர்க்கார் முடிவு செய்வதைப் பத்திரிகைக் காரியதரிசி அறிவிக்க, அதை டைப் அடித்துவிட்டு வீட்டுக்குப் போவதுதானே உங்கள் உத்தியோகம் என்று கேட்டார். தாமே அந்தக் காரியதரிசியாக நடித்த ஒரு படமும் காட்டினார். அதில், இராக் மீது படையெடுத்தது எதற்காக என்று கேட்டுக்கொண்டு மூத்த நிருபர் ஹெலன் தாமஸ் துரத்த, காரியதரிசி ஓட்டமெடுக்கிறார். இந்தத் தடவை மண்டபத்தில் சிரிப்பு அபூர்வமாகவே கேட்டது.

அடுத்த வருஷ விருந்துக்கு ரிச் லிட்டில் என்பவரை அழைத்தார்கள். நிக்ஸன், ரீகன் முதலிய பழைய ஜனாதிபதிகளைப் போலப் பேசிக் காட்டுவதில் அவர் நிபுணர். அன்றிரவு யாருக்கும் அஜீரணம் உண்டாகியிருக்க நியாயமில்லை.