பேசாதிருந்தால் ஆறுமா?

"பழையதைப் பேசினால் புண் கிளறும்; வாய் மூடியிருந்தால் காலமே ஆற்றிவிடும்" என்னும் அபிப்பிராயம் நம் வீடுகளில் வேதவாக்காக வழங்கி வருகிறது. அதை நான் மறுக்கிறேன். கொழும்பில், தெமட்டகொடை ரயில் நிலையத்துக்கு அண்மையில், எங்கள் ஒழுங்கையில் வசிக்கும் முன்னாள் இராணுவ வீரர் ஒருவர், சித்திரைப் புத்தாண்டு விடியலில் சீனவெடி வெடித்த மாத்திரத்தில், கையிலிருந்த பிளேன்டீ சட்டையெல்லாம் வழிவதையும் உணராமல் மதிலோடு ஒட்டிக் குந்திவிட்டதையும், சிறு மகள் "தாத்தே" என்று சிங்களத்தில் அப்பாவை அழைத்துத் தோளைத் தொட்டபோது அவளையே அடையாளம் தெரியாதவர்போல் நோக்கியதையும் என் கண்ணால் கண்டேன். இலங்கையின் உள்நாட்டு யுத்தம் முடிந்ததோ 2009 மே மாதத்திலேயே. "அவர் சண்டையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசமாட்டார், எல்லாம் மறந்துவிட்டார்" என்கிறார் அவர் மனைவி. அவர்கள் முன்னறை விளக்கோ விடியும்வரை அணைவதில்லை.

அந்த மௌனமே, பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனவடு நோயின் (PTSD) குணங்களுள் ஒன்று. நினைவூட்டும் இடத்தையும் பேச்சையும் மனிதரையும் தவிர்க்கத் தவிர்க்கப் பயம் வேரூன்றுகிறது. கூடிப் பேசுவதே வழி என்பதைப் பட்டாளத்தாரே அனுபவத்தில் கண்டனர்: இரண்டாம் உலக யுத்த காலத்தில், பர்மிங்ஹாமை அடுத்த நோர்த்ஃபீல்ட் இராணுவ வைத்தியசாலையில் மனநோய் வைத்தியர்களான பியானும் ஃபௌக்ஸும் மனம் நொந்த சிப்பாய்களைக் குழுக்களாக அமர்த்திச் சிகிச்சை செய்தனர்; 1970இல் வியட்நாமிலிருந்து திரும்பியோர் நியூயோர்க்கில் கூடி நடத்திய சம்பாஷணைகள், 1980இல் இந்நோய்க்கு ஒரு பெயரும் அங்கீகாரமும் கிடைத்ததற்கான காரணங்களுள் ஒன்றாயின. நம் நாட்டிலே, யாழ்ப்பாணத்து மனநோய் வைத்திய நிபுணர் தயா சோமசுந்தரம், யுத்தத்தின் காயம் தனிமனிதனோடு நில்லாமல் குடும்பத்தையும் சமூகத்தையும் பற்றுவதாகையால் பரிகாரமும் கூட்டாக நடைபெறல் வேண்டும் என்று நெடுங்காலமாக வலியுறுத்தி வந்திருக்கிறார்.

எதிர்ப்பக்கத்தாரிடமும் ஓர் உண்மை உண்டு. அனர்த்தம் நடந்த கையோடு ஒருவனைப் பிடித்து இருத்தி, ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சொல்லென்று வற்புறுத்துவதை உலக சுகாதார நிறுவனமும் விலக்கியே வைத்திருக்கிறது. நான் வேண்டுவது வேறு. எட்டுப் பத்துப் பேர், பயிற்சி பெற்ற ஒருவர் முன்னிலையில், வாரந்தோறும் குறித்த நாளில், கேட்டது வெளியே போகாது என்ற உறுதியோடும், சொல்ல மனமில்லாதவன் சும்மா இருக்கலாம் என்ற சுதந்திரத்தோடும் கூட வேண்டும். அங்கே ஒருவன் தன் இரவுகளைச் சொல்லும்போது, அடுத்த நாற்காலியிலிருந்து "எனக்கும் அப்படித்தான்" என்று எழும் குரல் தரும் ஆறுதலை, எவ்வளவு அன்புள்ள மனைவியாலும் தர இயலாது; அவள் அந்தப் பதுங்குகுழியில் இருந்ததில்லை.

புனர்வாழ்வு முகாம்களைக் கடந்துவந்த சுமார் 12,000 முன்னாள் புலிப் போராளிகளுக்கும் இது பொருந்தும். முகாமில் தொழில் பழக்கினார்கள். வெளியே வந்ததும் "அதையெல்லாம் மறந்துவிடு தம்பி" என்றோம் நாம். மனநோய் வைத்தியசாலை இருக்கும் அங்கொடை என்ற ஊர்ப்பெயரையே வசையாக்கி வைத்துக்கொண்டு, உதவி தேடுபவனை வாசலிலேயே வெட்கப்படுத்துகிறோம். மாலையில் பூட்டிக் கிடக்கும் ஒரு சனசமூக நிலையம், வட்டமாய்ப் பத்து நாற்காலிகள், வருவோரின் பாஷை பேசும் பயின்ற ஆலோசகர் ஒருவர்: இவ்வளவையும் எங்கள் தெமட்டகொடைக்குத் தாருங்கள் என்று கேட்கிறேன், அடுத்த சித்திரைக்கு முன்.