தூண் மட்டும்தானா வீடு?

அமெரிக்காவின் 5 சென்ட் காசைத் திருப்பிப் பார்த்தால் ஒரு வீடு தெரியும். நடுவில் குவிந்த கூரை. வாசலில் பருத்த தூண்கள். காசில் பொறிக்கும் அளவுக்குப் புகழ் பெற்ற அந்த வீட்டின் பெயர் மாண்டிசெல்லோ.

நாட்டின் தென்பகுதியில், வர்ஜீனியா மாநிலத்தில், ஒரு மலை உச்சியில் அது நிற்கிறது. வீட்டுக்குச் சொந்தக்காரராக இருந்தவர் தாமஸ் ஜெபர்சன். அமெரிக்காவின் 3-வது ஜனாதிபதி. மனிதர் எல்லோரும் சமம் என்று 1776-ம் ஆண்டில் சுதந்திரப் பிரகடனம் எழுதியவரும் அவரே.

வீட்டைக் கட்டியவரும் அவர்தான் என்று சொல்வது வழக்கம். திட்டம் போட்டவர் அவர். கட்டிய கைகள் வேறு!

அடிமைகளின் உழைப்பு

ஜெபர்சன் 1769-ல் வேலையைத் தொடங்கினார். பின்பு பிரான்சில் தூதராக இருந்தார். பாரிஸ் மாளிகைகளைக் கண்டார். பழைய ரோமானியக் கோவில் போன்ற தூணும் முக்கோண முகப்பும் அவர் மனதைக் கவர்ந்தன. ஊர் திரும்பியதும், 1796-ல் தன் வீட்டின் மாடியை இடித்துவிட்டுப் பெரிதாக்கினார். 1809 வரை வேலை நடந்தது.

செங்கலை அங்கேயே அறுத்துச் சுட்டார்கள். மண் சுமந்தவர்களில், சூளை போட்டவர்களில் பலர் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்கள். அழகான மரவேலைகளைச் செய்தவர்களில் ஒருவர் ஜான் ஹெம்மிங்ஸ் என்ற அடிமைத் தச்சர். ஜெபர்சன் தன் வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்ட மனிதர்களை அடிமைகளாக வைத்திருந்தார்.

1826 ஜூலை 4-ந் தேதி அவர் இறந்தார். பெருங்கடன் நின்றது. 1827 ஜனவரியில், 130 அடிமைகள் ஏலத்துக்கு விடப்பட்டார்கள். கொல்லர் ஜோசப் பாசெட்டுக்கு ஜெபர்சனின் உயிலில் விடுதலை கிடைத்தது. ஆனால் அவருடைய மனைவியும் பிள்ளைகளும் ஏலத்தில் போனார்கள். மகன் பீட்டருக்கு அப்போது 11 வயது!

யாருக்குப் பழுது பார்த்தார்கள்?

வீடு பல கை மாறியது. கூரை ஒழுகியது. நிலவறையில் மாடு கட்டினார்கள். 1879-க்குப் பிறகு லெவி குடும்பத்தார் அதைச் சீர்படுத்தினார்கள். 1923-ல் ஓர் அறக்கட்டளை வாங்கியது. 1953, 1954-ம் ஆண்டுகளில் தரைக்கு அடியில் உருக்கு உத்தரங்கள் வைத்துப் பலப்படுத்தினார்கள்.

எல்லாம் நல்ல வேலைதான். ஆனால் எஜமானர் வீடு மட்டும்தான் மீண்டது. அடிமைகள் வாழ்ந்த குடிசைகள் மண்ணோடு மண்ணாகிப் போயின. சாலி ஹெமிங்ஸ் என்ற அடிமைப் பெண் வாழ்ந்ததாகக் கருதப்படும் அறையை, 1941-ல், பார்வையாளருக்குக் கழிவறை ஆக்கினார்கள். ஜெபர்சனுக்குப் பிள்ளைகள் பெற்றவர் சாலி என்று இன்று அந்த அறக்கட்டளையே சொல்கிறது.

தவறு பிறகு உணரப்பட்டது. மண்ணைத் தோண்டி ஆராய்ந்தார்கள். ஒரு குடிசையை மறுபடி கட்டி, 2015-ல் திறந்தார்கள். கழிவறையை அகற்றினார்கள். 2018-ல் சாலியின் கதையைச் சொல்லும் அறை மக்களுக்குத் திறக்கப்பட்டது.

முழுக் கதை வேண்டும்

"பழைய புண்ணை ஏன் கிளற வேண்டும்? அழகைப் பார்த்துவிட்டுப் போகக் கூடாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. தென்பகுதியில் தூண் வைத்த பழைய பண்ணை வீடுகள் ஏராளம். அவற்றை வாங்கிப் புதுப்பிப்பவர்களும் இதே கேள்வியைக் கேட்கலாம்.

அழகை யாரும் வெறுக்கவில்லை. வீட்டை இடிக்கவும் சொல்லவில்லை. அந்த அழகிலே தச்சரின் திறமையும் இருக்கிறது. கொல்லரின் வியர்வையும் இருக்கிறது. அவர்கள் பெயரை மறைத்துவிட்டு அவர்கள் வேலையை மட்டும் புகழ்வது என்ன நியாயம்?

பழைய வீட்டைப் புதுப்பிப்பது என்றால், இருந்ததை இருந்தபடி மீட்பது. முன்வாசல் தூணுக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டு, பின்கட்டு அடுக்களையை இடித்துத் தள்ளினால் அது புதுப்பிப்பது ஆகாது. பாதிக் கதையை அழிப்பது ஆகும். இடிக்கும் முன்பு, அங்கே யார் இருந்தார், என்ன செய்தார் என்று விசாரிக்க வேண்டும். தெரிந்ததை எழுதி வைக்க வேண்டும். இதற்குப் பெரிய செலவு இல்லை. மனம்தான் வேண்டும்.

11 வயதில் ஏலம் போன பீட்டர் பாசெட் பின்னாளில் விடுதலை அடைந்தார். ஓஹியோ மாநிலத்தில் பாதிரியார் ஆனார். 1900-ம் ஆண்டில், தள்ளாத வயதில், பிறந்த இடத்தைப் பார்க்க வந்தார். மாண்டிசெல்லோவின் முன்வாசல் வழியாக உள்ளே போனார்.

அந்த வாசல் அவருக்கும் உரியதுதான். அதை அவருடைய சொந்தங்கள் கட்டினார்கள்!