வேதவாசிப்பும் தேவசித்தமும்

நம் கலாசாலையின் இறுதி வகுப்பில் வாசிக்கும் வித்தியார்த்திகளிற் பலர், பரீட்சை நெருங்கும் மாதங்களில் ஒரே வினாவைத் தம்முள்ளும் தம் ஆசிரியரிடத்தும் வினவுகின்றனர். என்னைக் குறித்துத் தேவசித்தம் யாது என்பதே அவ்வினா. மேற்படிப்போ உத்தியோகமோ, ஊரில் தங்குவதோ கடல் கடப்பதோ, பெற்றோர் காட்டும் மணமோ தன் மனம் நாடும் மணமோ என்று பல உருவங்களில் தோன்றினும் வினா ஒன்றே. வினாவில் யாதொரு குற்றமும் இல்லை. இவ்வயதில் இதனை வினவாதவன் வேறு எவ்வயதில் வினவப்போகிறான்? அதற்கு விடை தேடும் முறையைக் குறித்தே சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். அவை சிலருக்குக் கசப்பாயிருக்கலாம்.

வருஷப்பிறப்பு ஆராதனையின் முடிவில் தட்டிலிருந்து வாக்குத்தத்தச் சீட்டு ஒன்றை எடுத்து, அவ்வருஷத்திற்குரிய தேவமொழி இதுவே என்று பர்சில் வைத்துக்கொள்ளும் வழக்கம் நம் சபைகளில் வேரூன்றியுள்ளது. கண்ணை மூடி வேதாகமத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தை விடையாகக் கொள்வோரும் உளர். இக்காலத்தில் கைப்பேசியே நாள்தோறும் ஒற்றை வசனத்தைப் பூச்சித்திரத்தோடு அனுப்பிவிடுகிறது; பல் துலக்குமுன் அதனைப் பார்த்து, பத்துப் பேருக்கும் அனுப்பிவிட்டால் அன்றைய தியானம் முடிந்தது. இவையெல்லாம் பக்தியின்பாற்பட்டவை என்பதை நான் மறுக்கவில்லை. என் பாட்டி அளித்த சீட்டொன்றை இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஆயினும் இவை வேதவாசிப்பு ஆகமாட்டா. நாள்தோறும் ஒழுங்காய், ஒரு புஸ்தகத்தை முதலிலிருந்து முடிவுவரை வாசித்து வருவதே தேவசித்தத்தை அறியும் வழி; சீட்டு அதற்குக் குறுக்குவழி அன்று என்பதே என் துணிபு.

இதற்கு எதிராக இரண்டு பெரிய சாட்சிகளைக் காட்டுவார்கள். ஒன்று ஹெர்ன்ஹூத் சகோதரரின் வழக்கம். ஜெர்மனி தேசத்து மொராவிய சபையார் நாளுக்கொரு வசனம் என்று குறித்து, 1731 முதல் ஆண்டுதோறும் அச்சிட்டு வருகின்றனர். 1760-இல் நம் தரங்கம்பாடிக்கு வந்து தோட்டம் அமைத்துக் குடியிருந்தவர்களும் அச்சபையாரே. அவ்வசனங்கள் சீட்டுப் போட்டே எடுக்கப்படுகின்றன என்பது உண்மை. ஆயின் அச்சீட்டு தனியொருவனுக்காக எடுக்கப்படுவதன்று. சபையார் அனைவருக்குமாக முன்னதாகவே எடுக்கப்பட்டு, புதிய ஏற்பாட்டு வசனம் ஒன்றோடு இணைக்கப்பட்டு, தேசங்கள் பலவற்றிலும் ஒரே நாளில் தியானிக்கப்படுகின்றது. தனிமனிதரின் விவாகத்தையும் சீட்டினால் தீர்மானிக்கும் ஏற்பாடு அவர்களிடத்தில் ஒருகாலத்தில் இருந்தது. அதனை 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே அவர்கள் கைவிட்டனர் என்பதைச் சீட்டுப் போடுவோர் கவனிப்பார்களாக.

மற்றது பரிசுத்த அகுஸ்தீனின் மனந்திரும்புதல். 386-இல் மிலான் நகரத்துத் தோட்டத்தில் அவர் கலங்கி நின்றபோது, சிறுபிள்ளையின் குரலொன்று கேட்டு, புஸ்தகத்தை எடுத்துக் கண்ணில் பட்ட பகுதியை வாசித்தார் என்பதும், ரோமருக்கு எழுதின நிருபத்தின் 13-ஆம் அதிகாரத்து வார்த்தைகள் அவர் வாழ்நாளை மாற்றின என்பதும் யாவரும் அறிந்ததே. விரலை வைத்துப் பார்க்கிறவர்கள் இக்கதையை விரும்பிச் சொல்வார்கள். அவர் எடுத்த புஸ்தகம் யாது, அஃது அங்கே எப்படி வந்தது என்று மட்டும் அவர்கள் கேட்பதில்லை. அது பவுலின் நிருபங்கள். அதற்கு முன்னரே அவர் அந்நிருபங்களைக் கருத்தூன்றி வாசித்து வந்தார். அன்று வீட்டிற்கு வந்த விருந்தினர் ஒருவர் மேசையின்மேல் அதனைக் கண்டு வியந்ததாக அகுஸ்தீனே எழுதியிருக்கிறார். பலநாள் உழுத நிலத்தில் விழுந்த வித்து அது, பாறைமேல் விழுந்ததன்று.

இதனை விளங்கிக்கொள்ள மிலானுக்குப் போக வேண்டுவதில்லை; நம் சேலத்து மலைக்குப் போனாற் போதும். சேர்வராயன் மலைமேல், ஏற்காட்டை அடுத்த நாகலூரின் சுற்றுப்புறங்களில் காப்பித் தோட்டங்கள் உண்டு. 1820-களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை இம்மலையிற் கொண்டுவந்த பயிர் அது. மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் முதற் கோடைமழை பெய்தால், எட்டுப் பத்து நாட்களில் செடிகள் முழுதும் வெண்ணிறமாய்ப் பூத்து, மல்லிகையை ஒத்த வாசனை மலைச்சரிவெங்கும் பரவும். புதிதாய்க் காண்போர் ஒரே மழையில் இத்தனை பூவா என்று அதிசயிப்பர். தோட்டக்காரர் அதிசயிப்பதில்லை. அரும்புகள் முந்தின ஆண்டின் பின்மாரியிலேயே கணுக்களில் தோன்றிவிட்டன என்பதும், பின்னர் வந்த வறட்சியில் அவை உறங்கிக் கிடந்தன என்பதும், மழை செய்தது அவற்றை எழுப்பியது மாத்திரமே என்பதும் அவர்களுக்குத் தெரியும். அரும்பு இல்லாத கிளையில் எவ்வளவு மழை பெய்தாலும் இலைதான் தழைக்கும். பூத்த பின்னும் அராபிக்கா காப்பி பழுப்பதற்கு எட்டொன்பது மாதங்கள் ஆகும்.

அதே மலைக்குத் தியான முகாம்களுக்காக வாலிபர் பலர் வருகின்றனர். குளிர்ந்த காற்றும், பனிமூட்டமும், இரவில் பாடும் கீர்த்தனங்களும் சேர்ந்து மனத்தை இளக்குகின்றன. மூன்றாம் நாள் இரவில் கண்ணீரோடு பிரதிஷ்டை செய்கின்றனர். மலையிலிருந்து இறங்கும் பாதையின் வளைவுகளைக் கடந்து சேலத்து வெயிலை அடைவதற்குள் சிலருடைய பிரதிஷ்டை ஆவியாய்ப் போகின்றது. வேறு சிலருடையதோ நாற்பதாண்டு நிலைத்து நிற்கின்றது. இருவரும் கேட்ட பிரசங்கம் ஒன்றே, மழை ஒன்றே. முகாமுக்கு வருமுன் அவனவன் தன் அறையில் என்ன வாசித்துக்கொண்டிருந்தான் என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

தேவசித்தத்தை அறிந்த தமிழர் ஒருவரின் சரித்திரத்தை இங்கே பார்ப்போம். வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874-இல் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில், ஒரு குருவானவரின் குமாரராய்ப் பிறந்தார். சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையில் வாசித்தார். பரீட்சைக் காலத்தில் நோயுற்றமையால் பட்டம் பெறவில்லை. 1895-இல் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தில் காரியதரிசியாய் அமர்ந்து, ஊர் ஊராய்ச் சென்று வாலிபருக்கு வேதம் போதிப்பதும் கூட்டங்கள் நடத்துவதுமாய்ப் பதினான்கு ஆண்டுகள் உழைத்தார். அந்நாட்களில் மாணவ சங்கங்களில் அதிகாலைத் தியானம் ஓர் ஒழுக்கமாய்ப் பரவிக்கொண்டிருந்தது. 1902-இல் அவர் யாழ்ப்பாணம் சென்றார். அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவ வாலிபர் தங்கள் சொந்தப் பணத்தால் மிஷனெரிகளைத் தாங்கி, கடலுக்கு இக்கரையில் உள்ள தொண்டிக்கு அனுப்பியிருந்ததைக் கண்டார். எண்ணிக்கையிலே எத்தனையோ மடங்கு பெரிதான திருநெல்வேலிச் சபை அவ்வாறு ஒன்றும் செய்யவில்லையே என்ற எண்ணம் அவரைச் சுட்டது. மறு ஆண்டே, 1903-இல், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. நைஜாம் இராஜ்யத்துத் தோர்ணக்கல் அதன் ஊழியக்களமாயிற்று.

யாழ்ப்பாணத்தில் அவர் கண்டதை அவருக்கு முன்னும் பலர் கண்டிருப்பர். கண்டு, நன்று என்று சொல்லிக் கப்பலேறியிருப்பர். ஏழாண்டுகளாக வேதத்தை எடுத்துப் பிறருக்குப் போதித்துவந்த ஒருவருக்கே அது கட்டளையாய்க் கேட்டது. அரும்பு இருந்தது, மழை பெய்தது. அதன் பின்னும் காய் பழுக்கக் காலம் எடுத்தது. சங்கத்தின் காரியதரிசியாய்ப் பிறரை அனுப்பிக்கொண்டிருந்தவர், பிறரைப் போகச் சொல்லும் நான் ஏன் போகக்கூடாது என்ற வினாவுக்குத் தலைவணங்கி, 1909-இல், தமது முப்பத்தைந்தாம் வயதில் குருப்பட்டம் பெற்றுத் தோர்ணக்கல் சென்றார். அதற்கென்று தெலுங்கு கற்றார். 1912-இல் கல்கத்தாவில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்திய அத்தியட்சராய் அபிஷேகம் பெற்று, 1945-ஆம் ஆண்டின் முதல் நாள்வரை அவ்வூழியத்திலேயே இருந்து மரித்தார். தோர்ணக்கல் என்ற ஊரை எந்தச் சீட்டும் அவருக்குக் காட்டியிருக்க முடியாது.

வேதத்திலும் இம்முறையே காணப்படுகின்றது. அப்போஸ்தலருடைய நடபடிகள் 16-ஆம் அதிகாரத்தைச் சற்றே நிதானமாய் வாசியுங்கள். மக்கெதோனியா மனுஷன் தோன்றிய தரிசனத்தைப் பிரசங்கிமார் விரிவாய்ப் பேசுவர். அதற்கு முன்னுள்ள வசனங்களில் பவுல் ஆசியாவுக்குப் போக எண்ணித் தடுக்கப்பட்டார்; பித்தினியாவுக்குப் போக எத்தனித்து மறுபடியும் தடுக்கப்பட்டார். இரண்டு கதவுகள் அடைபட்ட பின்னரே துரோவாவில் தரிசனம் வந்தது. அவர் வீட்டில் உட்கார்ந்து தரிசனத்துக்காகக் காத்திருந்தவரல்லர், நடந்துகொண்டிருந்தவர். 119-ஆம் சங்கீதம் தேவவசனத்தை விளக்குக்கு ஒப்பிடும்போதும் காலடியைத்தான் பேசுகிறது. மலைப்பாதையில் அரிக்கன் விளக்கோடு நடந்தவர் அதன் பொருளை அறிவர். அஃது இரண்டு அடி தூரமே காட்டும். அவ்விரண்டு அடியை வைத்தாலன்றி அடுத்த இரண்டு அடி தெரியாது.

இனி, எப்படி வாசிப்பது? மெதுவாய் என்பதே என் முதல் விடை. நம் நாட்டில் வேதத்தை மிக மெதுவாய் வாசித்தவர்கள் அதை மொழிபெயர்த்தவர்களே. 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு ஐயர், பள்ளிப்பிள்ளைகளோடு மணலில் விரலால் எழுத்துப் பழகித் தமிழ் கற்றார். 1708 அக்டோபர் 17-இல் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கி, இடையே தேசாதிபதியின் கோபத்தால் நான்கு மாதம் காவலில் இருந்தும், 1711 மார்ச்சு 31-இல் முடித்தார். ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று, இதற்குத் தமிழில் என்ன பொருள் என்று கேட்டாலன்றி அவர் அடுத்த சொல்லுக்குப் போயிருக்க இயலாது. அவருக்குப் பின்வந்த பப்ரிசியுஸ் ஐயர் இவ்வேலையிலேயே பல பத்தாண்டுகளைச் செலவிட்டார். அவருடைய பழைய ஏற்பாடு முழுதும் அச்சேறி முடிந்தது அவர் மரித்த பின், 1796-இல்.

பப்ரிசியுஸ் ஐயரைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். பக்தியுள்ளோர் அதனைச் சொல்லத் தயங்குவர். வேதத்தை அவ்வளவு நுணுகி வாசித்த அவரே, தம்மிடத்தில் ஒப்படைக்கப்பட்ட பணத்தை வட்டிக்குக் கொடுத்து, வாங்கினவர்கள் திருப்பாமையால் கடனாளியாகி, முதிர்ந்த வயதில் கடன்காரர் சிறையில் இருந்தார். வேதவாசிப்பு கணக்கு வழக்கின் அறிவைத் தானாய்க் கொடுத்துவிடாது. தேவசித்தம் இன்னதென்று தனக்கு மட்டும் தெரியும் என்று எண்ணி, பெற்றோரையும் ஆசிரியரையும் விவரமறிந்த நண்பரையும் கேளாமல் காரியத்தில் இறங்கும் வாலிபன் இதனை நினைப்பது நல்லது. வேதத்தைத் தனியே வாசிக்கலாம். தீர்மானத்தைத் தனியே செய்யவேண்டும் என்ற விதி இல்லை.

அதிகாலை எழும்பவேண்டும் என்பதில் நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. விடியுமுன் எழுந்து, கஞ்சி காய்ச்சி, காப்பிப் பழம் பறிக்கப் போகிற தாய்க்கு நாம் ஐந்து மணித் தியானத்தைப் பிரசங்கித்தல் அழகன்று. அவளுக்கு இரவுக் குடும்ப ஜெபமே ஏற்றது. எழுத்தறியாத தோர்ணக்கல் கிராமத்தார் வேதக்கதைகளையும் பாட்டுகளையும் செவியாற் கேட்டே நெஞ்சில் நிறுத்தினர். விடுதியில் மின்விளக்கும் மேசையும் உடைய நமக்கு அந்தச் சாக்கும் கிடையாது. எந்நேரமாயினும் அரைமணி நேரம், அதே நேரம், கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாற் போதும்.

இரண்டு மொழிபெயர்ப்புகளைப் பக்கத்திற் பக்கமாய் வைத்து வாசித்தல் மிகவும் பயன் தரும். 1871-இல் நிறைவேறிய பழைய மொழிபெயர்ப்பு நம் காதுக்குப் பழகிவிட்டது. பழகிய வார்த்தை உறைக்காமல் நழுவிவிடும். 1995-இல் வெளிவந்த திருவிவிலியம், கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் கூடிச் செய்தது; அதில் அதே வசனம் வேறு சொற்களில் வரும்போது மனம் நிற்கும், ஏன் இப்படி என்று கேட்கும். அவ்வாறு நிற்கும் இடத்திலேதான் வாசிப்புத் தொடங்குகிறது. நம்மிற் பலர் ஆங்கில வேதாகமத்தையே வாசிக்கின்றனர், வாசிக்கட்டும். ஆயினும் தாய் திட்டிய மொழியிலும் தாலாட்டிய மொழியிலும் கேட்கும் கட்டளைக்குத் தப்புவது கடினம்.

வருகிற கல்வியாண்டிற்கு விடுதி மாணவருக்கு ஒரு யோசனை கூறுகிறேன். அப்போஸ்தலருடைய நடபடிகளில் 28 அதிகாரங்கள் உள்ளன. வாரத்திற்கு ஓர் அதிகாரம். ஆறு நாள் அவனவன் அறையில் அதனையே மறுபடி மறுபடி வாசித்து, விளங்காதவற்றைப் பென்சிலால் குறித்துக்கொள்வது. ஏழாம் நாள் மாலையில் ஐந்தாறு பேராய்க் கூடி, குறித்தவற்றை மட்டும் பேசுவது. பிரசங்கம் வேண்டாம், பாட்டு ஒன்று போதும். ஜூலையில் தொடங்கினால், பரீட்சைக்கும் விடுமுறைக்கும் இடம் விட்டும், மார்ச்சு முடிவதற்குள் பவுலோடு ரோமாபுரி சேர்ந்துவிடலாம். ஆசிரியர் எவரேனும் உடனிருக்க வேண்டினால், சனிக்கிழமை மாலைகளில் எனக்கு வேறு அலுவல் இல்லை.